சாடியின் அடியில் எழுதிய பெயர்

பழம்பொருள் ஒன்றைக் காணும்போது அதன் அழகைப் பற்றி வினவுவோர் சிலர். வயதைப் பற்றி வினவுவோரே பலர். "இது எத்தனை ஆண்டுப் பழமை?" என்னும் வினாவின் பின்னால், "இது என்ன விலை பெறும்?" என்னும் மற்றொரு வினா நிழல்போல் நின்றுகொண்டிருக்கும். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஊரை விட்டு வந்து, ஒற்றை அறையில் குடும்பம் நடத்தி, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டு வாழ்ந்த நம்மனோர்க்கு, அலமாரியின்மேல் பல்லாண்டாக நிற்கும் பொருள் ஒன்று புதையலாக இருக்கக்கூடும் என்னும் நினைப்பு இனிக்கத்தான் செய்யும்.

நாம் மும்பையில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் சூளைப் பொறுப்பில் இருந்தோம். அங்கே உருவானவை கலைப்பொருள்கள் அல்ல. மின்கம்பங்களில் பொருத்தும் இன்சுலேட்டர்கள். எனினும் மண் மண்தானே! அதை அரைப்பதும், உருவாக்குவதும், மெருகில் தோய்ப்பதும், சூளையில் அடுக்குவதும், வெடித்தவற்றைக் கழித்தெறிவதுமாக வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு நாள்களில், வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என்று முன்னர் வழங்கிய சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயாவில், டாட்டா சகோதரர்களான சர் ரத்தனும் சர் தோராபும் சேர்த்த சீனப் பீங்கான்களின்முன் மணிக்கணக்கில் நின்றதுண்டு. இவ்விரண்டையும் அறிந்த அண்டை அயலார், வீட்டில் ஏதேனும் பழைய பீங்கான் கண்ணில் பட்டால் நம்மிடம் எடுத்து வருவது வழக்கமாயிற்று. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரே சொல்: அசல் அல்லது போலி. அந்த ஒரு சொல்லைச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை மாட்டுங்காவில் உள்ள ஒரு குடும்பத்தின் சாடி நமக்கு நன்கு உணர்த்தியது.

ஒன்றரை அடி உயரமுள்ள பூச்சாடி அது. பனிக்கட்டி விரிசல் விட்டாற்போன்ற கோடுகள் நிறைந்த நீலப் பரப்பில் வெண்ணிறப் பிளம் மலர்கள் சிதறிக் கிடக்கும். அடியில் இரட்டை வட்டத்துக்குள் நான்கு சீன எழுத்துகள். அவ்வீட்டு அம்மையாரின் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு பார்சி வணிகரிடம் முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கெழுதியவர். அவர் ஓய்வுபெற்ற அன்று, முதலாளி தம் கூடத்தில் நின்ற அச்சாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். பிற்காலத்தில் ஒரு சீனப் பல்மருத்துவர் அடியிலிருந்த எழுத்துகளைப் படித்து, "காங்ஷி பேரரசர் ஆண்டுகளில் செய்தது" என்று பொருள் சொல்லியிருக்கிறார். காங்ஷி ஆண்டது 1662 முதல் 1722 வரை. அன்று முதல் அச்சாடி முந்நூறாண்டுப் பழமை உடையதென்பது அக்குடும்பத்தில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகிவிட்டது.

மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டபோது அம்மையார் ஒரு பழம்பொருள் வணிகரை அழைத்துக் காட்டினார். அவர் சாடியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது நேற்றைய சரக்கு, அம்மா; சந்தையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்" என்று சொல்லி, ஒரு பட்டுப் புடவையின் விலையைக் கொடுக்க முன்வந்தார். உறவினர் ஒருவரோ, "பொறுங்கள், இது கோடி பெறும்" என்றார். அவர் சொன்னதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டு ஹாங்காங் ஏலத்தில், செங்குவா பேரரசர் காலத்துச் சிறு கிண்ணம் ஒன்று இருபத்தெட்டுக் கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோன செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. நேற்றைய சரக்கா, முந்நூறாண்டுச் செல்வமா? இந்த ஐயத்தோடுதான் அம்மையார் நம்மிடம் வந்தார். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அண்ணா, விலை எவ்வளவு என்பது இருக்கட்டும். மாமா முப்பத்தோரு வருஷம் அந்த மனிதரிடம் உழைத்தார். சாகும்வரை இந்தச் சாடியைத் தாமே துடைத்து வைப்பார். எங்களைத் தொட விடமாட்டார். அப்படிப்பட்டவருக்குப் போலிச் சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

ஒரு பொருளின் வயதைக் கணிக்கும் வேலை, இறந்துபோன இருவரின் நேர்மையைக் கணிக்கும் வேலையாக மாறிவிட்டது.

சீனப் பீங்கானின் தாயகம் ஜியாங்ஷி மாநிலத்து ஜிங்தெஜென். 1004இல், சோங் மரபின் ஜிங்தெ ஆண்டுகளில், அரசப் பெயரையே தன் பெயராகப் பெற்ற ஊர் அது. அருகிலுள்ள கவோலிங் குன்றின் வெண்மண்ணே உலகெங்கும் கவோலின் என்னும் பெயரைப் பெற்றது. அம்மண்ணையும் பொடித்த பீங்கான் கல்லையும் கலந்து வனைந்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுட்டால், மண் தன் இயல்பை விட்டுக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடைப்பட்டதொரு பொருளாகிவிடும். தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மெல்லியதாயின் ஒளியை ஊடே விடும். சுடுமுன் கோபால்ட்டினால் தீட்டிய சித்திரம் மெருகின் அடியில் நீலமாய் நிலைத்துவிடும். தொடக்கக் காலத்துச் சிறந்த கோபால்ட் பாரசீக நாட்டிலிருந்து சென்றது. நம் மொழியில் வழங்கும் 'பீங்கான்' என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே என்பர். சீனத்து மண்ணுக்குப் பாரசீகம் நீலத்தைத் தந்தது. நமக்குப் பெயரைத் தந்தது.

இனி அடியில் உள்ள எழுத்துகளுக்கு வருவோம். பழம்பொருளை ஆராய்வோர் முதலில் பார்க்க விரும்புவதும் கடைசியில் நம்ப வேண்டியதும் அவற்றைத்தான். காங்ஷி பேரரசரின் காலத்திலேயே, 1677இல், ஜிங்தெஜென் அதிகாரி ஒருவர் பேரரசரின் ஆண்டுப் பெயரைப் பீங்கானில் எழுதுவதைத் தடைசெய்தார். உடைந்து குப்பையில் விழக்கூடிய பொருளில் அரசர் பெயர் இருத்தல் தகாது என்பது காரணம். ஆகவே அக்காலக் குயவர் பலர் தம் பொருள்களின் அடியில் ஓர் இலையையோ மலரையோ வரைந்தனர். அன்றேல் 1465 முதல் 1487 வரை ஆண்ட மிங் மரபுச் செங்குவாவின் பெயரை எழுதினர். இரு நூற்றாண்டுகள் சென்றபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில், நீலமும் வெண்மையுமான சாடிகள் மேனாடுகளுக்கும் கீழை நாடுகளுக்கும் பெருமளவில் சென்றபோது, அவற்றின் அடியில் காங்ஷியின் பெயர் தாராளமாக எழுதப்பட்டது. காங்ஷி காலத்துப் பொருளில் வேறொருவர் பெயர். காங்ஷியின் பெயருள்ள பொருளோ வேறொரு காலத்தது! இந்த விந்தையை அறியாதவர் எழுத்தைப் படித்ததும் ஏமாறுவர்.

இதனை மோசடி என்று உடனே தள்ளிவிடவும் கூடாது. நம் கோயில் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். வாசகத்தில் பழைய மன்னர். எழுத்தின் வடிவமோ பிற்காலத்தது. ஆயினும் அது பழைய கல்லின் படி என்பதை அங்கேயே குறித்துவைத்தனர். கற்றச்சர் குறித்ததைச் சீனக் குயவர் குறிக்கவில்லை, வேறுபாடு அவ்வளவே. முன்னோரின் சிறந்த வேலைப்பாட்டைப் பின்பற்றுவோர் முன்னோரின் பெயரையும் சேர்த்து எழுதுவது அவர்கள் மரபில் வணக்கமாகவும் கருதப்பட்டது. அந்த வணக்கத்தை வாணிகம் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது பிறிதொரு கதை.

முழுப் போலியும் அந்நாளிலேயே இருந்தது. ஜிங்தெஜென் பகுதியில் தங்கியிருந்த தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சு ஏசுசபைத் துறவி 1712இல் எழுதிய கடிதத்தில் ஒரு செய்முறையைச் சொல்கிறார். புதிய கலத்தைக் கொழுப்பு மிகுந்த கோழிச் சாற்றில் வேகவைத்து, பிறகு நாற்றமெடுத்த சாக்கடையில் ஒரு மாதம் போட்டுவைத்தால், அது மூன்று நான்கு நூற்றாண்டுப் பழமை உடையதாகத் தோன்றிவிடுமாம். அழுக்கைக் கண்டு வயதை மதிப்பிடுவோர்க்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

எழுத்தும் அழுக்கும் சான்றாகா எனின் எதனை நம்புவது? கலத்தின் உடலையே நம்ப வேண்டும். உரைகல்லில் இட்டுப் பார்க்கும் பொற்கொல்லர் நகையின் கதையைக் கேட்பதில்லை அல்லவா? நாமும் முதலில் எழுத்தைப் பாராமல் சாடியைக் கையில் தூக்கினோம். கண் எதிர்பார்க்கும் கனமும் கை உணரும் கனமும் ஒத்திருத்தல் வேண்டும். அச்சில் வார்த்த புதுச் சரக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பிறகு வாயினுள் கைவிட்டு உட்புறத்தைத் தடவினோம். பெரிய சாடிகளைச் சக்கரத்தில் பகுதி பகுதியாக வனைந்து, களிமண் குழம்பால் ஒட்டுவது பழைய முறை. ஒட்டிய இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு விரலுக்குத் தட்டுப்படும். அச்சாடியின் வயிற்றுப் பகுதியில் அது தெளிவாகத் தட்டுப்பட்டது. சக்கரம் சுழன்ற வரிகளும் இருந்தன. ஆகவே அது மனிதர் கையால் வனைந்தது, அச்சில் வார்த்ததன்று.

அடுத்தது அடிவிளிம்பு. சூளையில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அவ்விளிம்பில் மெருகு பூசுவதில்லை. எனவே கலத்தின் உள்மண் வெளியே தெரியும் இடம் அது ஒன்றே. அதைப் பார்த்தால் மண்ணின் நிறமும் நேர்த்தியும் விளங்கும். விளிம்பைச் செதுக்கியவர் பொறுமையாளரா, அவசரக்காரரா என்பதும் விளங்கும். காங்ஷி காலத்துச் சிறந்த கலங்களில் அது சீராகச் செதுக்கப்பட்டு, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். இச்சாடியிலோ ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. சூளை மணல் சில இடங்களில் ஒட்டியே கிடந்தது. ஆனால் அவ்விளிம்பின் தேய்மானம் உண்மையானது. மரப்பலகையின்மேல் பலகாலம் நின்ற பொருள் உயர்ந்த புள்ளிகளில் மட்டும் தேயும். பள்ளங்களில் அழுக்கு தங்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்த போலியில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கும்; கீறல்களும் ஒரே திசையில் ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நாம் கண்ட கீறல்கள் நானா திசையிலும் ஓடின. அவை துணியாலும் தூசியாலும் பல்லாண்டுகளில் விளைந்தவை. அவற்றுள் சில அந்தக் கணக்கரின் கைத்துணி விளைத்தனவாகவும் இருக்கலாம்.

நீலத்தையும் பார்த்தோம். காங்ஷி காலத்து நல்ல நீலத்தில் ஆழம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டிய சாயல்கள் உயிரோடு அசையும். இங்கே நீலம் பளிச்சென்றிருந்தும் தட்டையாக இருந்தது. பிளம் மலர்கள் ஒரே அச்சில் குத்தியவைபோல் திரும்பத் திரும்ப வந்தன. நாளொன்றுக்குப் பல சாடிகளைத் தீட்டி முடிக்க வேண்டிய கையின் வேகம் அவற்றில் தெரிந்தது. இத்தனையும் பார்த்த பின்னரே அடியிலிருந்த எழுத்தைக் கண்டோம். அதுவும் அவ்வேகத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

"அறிவியல் சோதனை ஒன்றும் இல்லையா?" என்று அம்மையாரின் மகள் கேட்டாள். உண்டு. சுடும் வெப்பத்தில், மண்ணிலுள்ள படிகங்களில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் வெளியேறிவிடும். அதன்பின் இயற்கைக் கதிரியக்கத்தால் ஆண்டுதோறும் அது மீண்டும் சிறிது சிறிதாகச் சேரும். கலத்திலிருந்து துளியளவு துளைத்தெடுத்துச் சூடாக்கினால், சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படும். அவ்வொளியை அளந்து வயதைக் கணக்கிடுவர். வெப்ப ஒளிர்வுச் சோதனை என்பது அதன் பெயர். ஆனால் போலி செய்வோர் புதுக்கலத்தைச் செயற்கைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதும், உடைந்த பழங்கலத்தின் அடியைப் புதிய உடலோடு பொருத்துவதும் உண்டு. கருவி தன்னிடம் கொடுத்த துகளின் வயதைச் சொல்லும். கலத்தின் கதையைச் சொல்லாது. அன்றியும், பழுதற்ற சாடியைத் துளைத்தபின் அது பழுதற்ற சாடியாக இராது.

எழுத்தை நம்பாதீர் என்று சொன்னோம். எதையுமே நம்பாதிருப்பதும் அறிவாகாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அதில் நம் மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1892இல் இந்நகரில் பிறந்த சர் பெர்சிவல் டேவிட் சீனப் பீங்கான் சேகரித்தோரில் தலைசிறந்தவராக விளங்கினார். அவர் தனித்தனியே தேடி வாங்கி ஒன்றுசேர்த்த ஓர் இணைச் சாடிகள் இன்று அவர் பெயராலேயே வழங்கப்பெற்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ இரண்டடி உயரம். கழுத்தில் நீண்டதொரு வாசகம். ஓர் அன்பர் தம் குடும்பத்தின் நலம் வேண்டித் தாவோ சமயக் கோயில் ஒன்றுக்கு இவற்றைக் காணிக்கையாக்கினார் என்பது அதன் செய்தி. அதில் குறித்துள்ள ஆண்டு நம் கணக்கில் 1351.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் இதனை ஏற்கத் தயங்கினர். இத்தகைய முதிர்ந்த நீலச் சித்திரம் அவ்வளவு முற்பட்ட யுவான் மரபுக் காலத்திலேயே இருந்திருக்க இயலாது என்பது அவர்கள் துணிபு. வாசகம் உண்மை, அதை நம்ப ஆளில்லை. 1950களில் ஜான் அலெக்சாண்டர் போப் என்னும் அமெரிக்க அறிஞர், இஸ்தான்புல் அரண்மனையிலும் பாரசீகத்து அர்தபில் திருத்தலத்திலும் சேர்ந்திருந்த பழஞ்சீனக் கலங்களை இச்சாடிகளோடு ஒப்பிட்டு, ஒரு பெருங்குழுவே பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நிறுவினார். ஐயத்துக்கு உள்ளான சாடிகள் மற்றவற்றை அளக்கும் அளவுகோல்களாயின.

அதே 1351இல்தான் டில்லியில் பெரோஸ் ஷா துக்ளக் அரியணை ஏறினார். அந்நகரின் துக்ளக் அரண்மனைப் பகுதியில் கிடைத்த உடைந்த கலங்களில், அதே யுவான் மரபின் நீலமும் வெண்மையும் மிளிர்கின்றன. நம் தமிழகக் கரையிலும் இதற்கு இணை உண்டு. 1980களில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் நொபோரு கராஷிமா முதலிய ஜப்பானிய அறிஞரும் ஆய்ந்தபோது, பச்சை மெருகிட்ட லோங்சுவான் ஓடுகளும் ஜிங்தெஜென் ஓடுகளும் மண்ணிலிருந்து வெளிவந்தன. அவ்வோடுகளை எவரும் ஐயுறுவதில்லை. உடைந்த ஓட்டைப் போலியாகச் செய்து நெய்தல் மணலில் புதைத்து வைப்பவருக்கு ஆதாயம் என்ன? விலை இல்லாததனாலேயே அவை உண்மை பேசுகின்றன. மண்ணும் மெருகும் உடைந்த முகத்தில் வெளிப்படையாகத் தெரிவதால், பழங்கலத்தை அறிய விரும்புவோர்க்கு முழுச்சாடியைவிட ஓடே நல்லாசிரியன்.

அம்மையாரிடம் நாம் சொன்னது இதுதான்: "அம்மா, இது காங்ஷி காலத்துச் சாடியன்று, நேற்றைய சரக்கும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில், ஜிங்தெஜென்னில் மனிதர் கையால் வனைந்து தீட்டியது. உறவினர் சொன்ன கோடி இதற்கு வாராது. அந்த வணிகர் சொன்ன விலையும் இதன் விலையன்று."

அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால் மாமாவை அவர் ஏமாற்றவில்லை?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. மும்பைப் பார்சிக் குடும்பங்கள் பல, பருத்தியும் அபினியும் ஏற்றிச் சென்று கான்டனில் வாணிகம் செய்தவை. அவர்கள் வீடுகளுக்குச் சீனப் பொருள்கள் இயல்பாக வந்து சேர்ந்தன. இதுவும் அவ்வழியில் அவர் பாட்டனார் காலத்தில் வந்திருக்கலாம். தம் வீட்டுக் கூடத்தில் தாமே வைத்து அழகு பார்த்ததைத்தான் அவர் உங்கள் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார்."

அவர் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்ததைக் கண்டோம். விலை எவ்வளவு என்று அதன்பின்னும் அவர் கேட்கவில்லை. நாமே சொல்ல வேண்டியிருந்தது. நூறாண்டைக் கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்பதையும், தொல்பொருள் விற்பனையைத் தொழிலாக நடத்துவோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தோம். சில நாள் கழித்து முதல் வணிகர் தாமாகவே திரும்பிவந்து, முன்பு சொன்னதைப்போல் ஐந்து மடங்கு கொடுப்பதாகச் சொன்னாராம். 'நேற்றைய சரக்கு' ஒரு வாரத்தில் இவ்வளவு பழமை எய்திவிட்டது! அம்மையார் மகளுக்கு வங்கிக் கடன் பெற்றுக்கொண்டார். சாடியை இப்போது மகள் துடைக்கிறாள்.

இந்த அனுபவத்திலிருந்து நம் குடும்பங்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எவ்வாறு வந்தது என்னும் வரலாற்றைப் பழம்பொருள் அறிஞர்கள் பெரிதும் மதிப்பர். ஐயத்துக்கு இடமான கலங்கள் பலவற்றுக்கு அவ்வரலாறே துணைநின்றிருக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் நம்மிடையே முதலில் தொலைந்துபோவதும் அதுதான். பாட்டியின் குங்குமச் சிமிழும், ரங்கூனிலிருந்து வந்த அரக்குப் பெட்டியும், ஊறுகாய் போட்டுவைத்த பீங்கான் சாடியும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் கதையோ முதியோர் நினைவில் மட்டும் இருக்கின்றது. அதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஆண்டும் பெயரும் குறித்து ஒரு தாளில் எழுதி, அப்பொருளோடு வைத்துவிடுதல் நலம்.

மாட்டுங்கா அம்மையார் அவ்வாறே செய்துவிட்டார். மாமனாரின் பெயர், முதலாளியின் பெயர், முப்பத்தோர் ஆண்டு ஊழியம், சாடி கைமாறிய நாள் ஆகியவை தமிழில் எழுதப்பட்டு, மடித்த தாளாகச் சாடியினுள் கிடக்கின்றன. அடியில் சீனக் குயவர் எழுதிய பெயர் உண்மையன்று. உள்ளே இருக்கும் தாளில் எழுதியுள்ளவை அனைத்தும் உண்மை.